படகுப் போட்டியில் ‘நிறுத்து’ என்று சொல்வது யார்?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் சென்றவர்களுக்குக் காஹாங் பழக்கமான ஊர். செம்பனைத் தோட்டங்களைக் கடந்து உள்ளே திரும்பினால் கம்போங் பெத்தா. அதற்கு அப்பால் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் காடும் ஆறுகளும். பள்ளி முகாம்களும் கல்லூரிக் கழகங்களின் பயணங்களும் இந்தப் பக்கம் வருவதுண்டு. ஆறு இருக்கும் இடத்தில் படகு இருக்கும். படகும் இளைஞர்களும் சேர்ந்துவிட்டால், “யார் முதலில் அக்கரைக்குப் போவது?” என்ற போட்டியும் வந்துவிடும்.

துடுப்புப் படகோட்டம் நல்ல விளையாட்டு. உடல் வலிமையோடு ஒற்றுமையையும் அது கற்றுத் தருகிறது. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் துடுப்பை இழுக்காவிட்டால் படகு நேராகப் போகாது. ஆனால் இந்த விளையாட்டில் இரண்டு வகை ஆபத்துகள் உள்ளன. ஒன்று தண்ணீரில் இருக்கிறது. இன்னொன்று கரையில், உடை மாற்றும் அறையில், தங்கும் விடுதியில், கைப்பேசியில் இருக்கிறது. முதல் ஆபத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள்.

மாணவர்களே, இரண்டையும் தடுக்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு. “இங்கே ஏதோ சரியில்லை, நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?” இந்தக் கேள்விக்குப் படகு நீரில் இறங்குவதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டும்.

பினாங்கு தந்த பாடம்

2010 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் மெக்கலம் தெரு கடலோரப் பகுதியில் சுங் லிங் இடைநிலைப்பள்ளியின் டிராகன் படகுக் குழு பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. படகில் 18 பேர் இருந்தனர். பலத்த நீரோட்டத்தில் சிக்கிய படகு கவிழ்ந்தது. 5 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் உயிரிழந்தனர்.

அன்று நடந்தது போட்டி அல்ல, பயிற்சி. இதை நாம் கவனிக்க வேண்டும். போட்டி நாளில் நடுவர்கள், மீட்புப் படகு, முதலுதவிக் குழு, பெற்றோர் என்று பலரும் கரையில் இருப்பார்கள். பயிற்சி நாளில் அத்தனை கண்கள் இருப்பதில்லை. ஒரு மாணவர் போட்டி நாளில் சில நிமிடங்கள்தான் படகில் இருக்கிறார். அதற்காக அவர் பயிற்சி செய்யும் நேரமோ பல மாதங்கள். ஆகவே, போட்டி நாளுக்கு மட்டும் பாதுகாப்புத் திட்டம் போடும் குழு பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

இதற்கு 14 ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி 18-ஆம் தேதி, இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் வதோதரா நகரின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த மாணவர்களின் படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் மாண்டனர். படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதும், பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லாததும் பின்னர் பெரிதாகப் பேசப்பட்டன.

இரண்டு சம்பவங்களிலும் மாணவர்களோடு ஆசிரியர்களும் உயிரிழந்தார்கள். பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டு அவர்கள் கரையில் நிற்கவில்லை. பொறுப்பான பெரியவர் ஒருவர் கூடவே இருந்தால் போதும் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். அது போதாது என்பதை இந்த இரு சம்பவங்களும் காட்டுகின்றன. நீரோட்டம் வேகமாக இருக்கும்போது “இன்று வேண்டாம்” என்று முடிவெடுக்க ஒரு விதி வேண்டும். படகில் இடமில்லாதபோது “அடுத்த சுற்றில் வாருங்கள்” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நல்ல மனம் மட்டும் படகை மிதக்க வைக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் மரணத்திற்கான முதன்மைக் காரணங்களில் நீரில் மூழ்குவது மூன்றாம் இடத்தில் இருக்கிறது. நீச்சல் தெரிந்தவர்களும் இதில் அடக்கம். குளத்தில் 50 மீட்டர் நீந்துவது வேறு, உடையோடும் காலணியோடும் ஓடும் ஆற்றில் விழுவது வேறு.

ஓர் இழப்பிலிருந்து பிறந்த விதி

படகோட்டத்தின் பாதுகாப்பு விதிகள் சில, யாரோ ஒரு குடும்பம் சிந்திய கண்ணீரிலிருந்து வந்தவை. 2000 டிசம்பரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மாணவர் குழு பயிற்சி முகாமுக்காக ஸ்பெயின் நாட்டு எப்ரோ ஆற்றுக்குச் சென்றது. அலையடித்து, எட்டுப் பேர் ஓட்டும் படகில் தண்ணீர் நிரம்பியது. 21 வயது லியோ பிளாக்லி கரை சேரவில்லை. நீர் நிரம்பினாலும் படகு மூழ்காமல் மிதக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு அவருடைய பெற்றோர் பல ஆண்டுகள் போராடினார்கள்.

இன்று அனைத்துலகப் படகோட்டச் சம்மேளனத்தின் விதிகளில் அந்தக் கருத்து இடம்பெற்றிருக்கிறது. படகு முழுக்க நீர் நிரம்பி, ஓட்டுநர்கள் தங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், இருக்கையின் மேல்பகுதி நீர்மட்டத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் தாழக்கூடாது. படகின் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் உள்ள காற்றறைகளின் மூடிகள் இறுக மூடியிருந்தால்தான் இது நடக்கும். பள்ளிக் குழுவில் இருப்பவர்கள் புறப்படும் முன் அந்த மூடிகளைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்கலாம். படகின் கூர்மையான முனையில் ஒரு வெள்ளைப் பந்து பொருத்தப்பட்டிருக்கும். அது அழகுக்காக வைத்தது அல்ல. வேகமாக வரும் படகின் முனை இன்னொரு படகில் இருப்பவரின் முதுகில் குத்தாமல் இருப்பதற்கானது. அடுத்தது காலணி. துடுப்புப் படகில் காலணிகள் படகோடு பொருத்தப்பட்டிருக்கும். குதிகால் பகுதியில் ஒரு கயிறு இருக்கும். அது சரியான நீளத்தில் இருந்தால்தான், படகு கவிழும்போது கால் தானாகக் கழன்று வெளியே வரும். கயிறு அறுந்திருந்தால் அந்தப் படகு அன்று நீரில் இறங்கக்கூடாது. கயிற்றின் விலை மிகச் சிறியது. அதை மாற்றச் சோம்பல்பட்டால் அதற்குக் கொடுக்கும் விலை பெரியதாகிவிடும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியும் தெளிவு வேண்டும். டிராகன் படகு, கயாக், ரப்பர் மிதவை ஆகியவற்றில் மாணவர்கள் அதைக் கட்டாயம் அணிய வேண்டும். அளவு பொருந்த வேண்டும், பட்டைகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பந்தயத் துடுப்புப் படகில் கைகளை முழுமையாக நீட்டி இழுப்பதால் ஓட்டுநர்கள் பொதுவாக அதை அணிவதில்லை. அப்படியானால் கூடவே ஒரு மோட்டார் மீட்புப் படகு வந்தாக வேண்டும். அந்தப் படகில் அத்தனை பேருக்கும் தேவையான மிதவைச் சாதனங்கள் இருக்க வேண்டும். “எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும்” என்பது மீட்புப் படகுக்கு மாற்று ஆகாது. படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தத் தொடங்காமல் படகைப் பிடித்துக்கொண்டு இருப்பதுதான் முதல் பாடம். தனியாக நீந்தும் தலையைவிட மிதக்கும் படகு மீட்பவர் கண்ணுக்கு எளிதில் தெரியும்.

நம் ஆறு, நம் வானம்

வெளிநாட்டு விதிகளை அப்படியே இங்கே ஒட்டிவிட முடியாது. அங்கே குளிர்ந்த நீர் பெரிய எதிரி. ஜொகூரில் நாம் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை, இந்த வட்டாரத்தின் ஆறுகள் குணம் மாறிவிடும். 2023 மார்ச் மாதத்தில் குளுவாங் உட்பட ஜொகூரின் பல மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இரண்டாவது, மலாய் மொழியில் ‘கெபாலா ஆயர்’ என்று சொல்லப்படும் திடீர் நீர்ப்பெருக்கு. மேலே மலையில் மழை கொட்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சில நிமிடங்களில் ஆறு பொங்கி வரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், மேற்பக்கத்திலிருந்து இரைச்சல் கேட்டால், யார் உத்தரவுக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும். காட்டாற்றின் போக்கை அறிந்தவர்கள் அங்கேயே வாழும் ஜக்கூன் பூர்வகுடி மக்கள். முகாம் நடத்துபவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி ஆற்றங்கரையில் நேர்ப்பொருளிலேயே பொருந்தும்.

மூன்றாவது, மின்னல். நம் நாட்டில் பிற்பகல் இடி வழக்கமான ஒன்று. இடிச் சத்தம் காதில் விழுந்தால் படகுகள் கரைக்குத் திரும்ப வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழித்துத்தான் மீண்டும் நீரில் இறங்கலாம். இறுதிச் சுற்றாக இருந்தாலும், பிரமுகர் பரிசு கொடுக்கக் காத்திருந்தாலும் இந்த விதி மாறக்கூடாது.

எடைக்காகப் பட்டினி வேண்டாம்

படகோட்டத்தில் ‘காக்ஸ்’ என்று ஒருவர் உண்டு. அவர் துடுப்புப் போடாமல் படகுக்கு வழி காட்டி, குழுவுக்குக் குரல் கொடுப்பவர். எடை குறைந்தவராக இருந்தால் படகுக்கு நல்லது என்பதால், சிறிய உடல்வாகு கொண்ட மாணவரைத் தேர்ந்தெடுப்பார்கள். “இன்னும் இரண்டு கிலோ குறை” என்ற அழுத்தமும் சில வேளைகளில் வரும். ஆனால் அனைத்துலக விதியின்படி காக்ஸின் குறைந்தபட்ச எடை 55 கிலோ. அதற்குக் குறைவாக இருந்தால் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டப் படகில் பாரம் ஏற்ற வேண்டும். அதாவது பட்டினி கிடந்து எடை குறைப்பதால் குழுவுக்கு எந்த லாபமும் இல்லாதபடி விதியே அமைந்திருக்கிறது. வளரும் வயதில் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் எடை குறைக்கச் சொல்வது பயிற்சி அல்ல. அதுவும் ஒரு வகைத் துன்புறுத்தல்தான்.

கரையில் இருக்கும் ஆபத்து

இனி, பேசத் தயங்கும் பகுதிக்கு வருவோம். பயிற்றுநர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்த நேரத்தையும் பணத்தையும் செலவிட்டு மாணவர்களை உயர்த்துகிறவர்கள். அந்த நல்ல பெயரின் நிழலில் ஒளிந்துகொள்ளும் சிலரும் உண்டு என்பதை விளையாட்டு உலகம் வேதனையோடு கற்றுக்கொண்டது.

பிரிட்டனின் ஒலிம்பிக் நீச்சல் பயிற்றுநராக இருந்த பால் ஹிக்சன், தன்னிடம் பயின்ற பதின்ம வயதுப் பெண்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக 1995-இல் 17 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு அங்கே எழுந்த சிந்தனையின் விளைவாக, 2001-இல் விளையாட்டில் சிறார் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு ஒன்று உருவானது. அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் வழக்கில், 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தங்கள் துயரத்தைச் சொன்னார்கள். அவர்களில் சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே பெரியவர்களிடம் முறையிட்டிருந்தார்கள். கேட்டவர்கள் நம்பவில்லை. “அவர் பெரிய மருத்துவர், நீதான் தவறாகப் புரிந்துகொண்டாய்” என்ற பதில்தான் கிடைத்தது. நிறுத்து என்று சொல்ல வேண்டியவர்கள் மௌனமாக இருந்ததால், பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை வளர்ந்தது.

நம் நாட்டுக்கும் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ் ஆடவர் மலேசியாவில் தங்கி, ஏழைக் குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்று, அவர்களின் பிள்ளைகளைச் சீரழித்தார். 71 குற்றங்களை ஒப்புக்கொண்ட அவருக்கு 2016-இல் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. அதன் பிறகு எழுந்த கேள்விகளின் விளைவாக நம் நாடாளுமன்றம் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2017 ஜூலை 10-இல் நடப்புக்கு வந்தது. சட்டம் 792 என்று அதைக் குறிப்பிடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தச் சட்டத்தில் 18 வயதுக்குக் குறைந்த அனைவரும் சிறார்கள். மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு அம்சங்கள் இவை.

முதலாவது, உடலைத் தொட்டால்தான் குற்றம் என்பதில்லை. சிறாரிடம் பாலியல் ரீதியில் பேசுவதும் குறுஞ்செய்தி அனுப்புவதும் குற்றம். தவறான நோக்கத்தோடு சிறாரின் நம்பிக்கையைப் படிப்படியாக வளைத்துப் போடுவதும் குற்றம். மலாயில் இதைப் ‘பெங்கந்துனான்’ என்கிறார்கள். இதற்கு 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

இரண்டாவது, நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் குற்றம் செய்தால், வழக்கமான தண்டனையோடு கூடுதலாக 5 ஆண்டு வரை சிறையும் குறைந்தது இரண்டு பிரம்படிகளும் கிடைக்கும். அந்தப் பட்டியலில் பெற்றோர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர் ஆகியோரோடு விளையாட்டுப் பயிற்றுநரும் இருக்கிறார்.

மூன்றாவது, குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். “கழகத்தின் மானம் போய்விடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்” என்பது சட்டத்தின் முன் எடுபடாது.

நான்காவது, வேறு சாட்சி இல்லாவிட்டாலும் சிறாரின் வாக்குமூலத்தை மட்டுமே வைத்து நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியும். “நான் சொன்னால் யார் நம்புவார்கள்?” என்று அஞ்சும் பிள்ளைக்கு இது பெரிய துணை.

வளைத்துப் போடுதல் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் குழுவில் ஒருவருக்கு மட்டும் தனிப் பாராட்டு வரும். பிறகு சின்னப் பரிசு, காரில் வீட்டுக்குக் கொண்டு விடுதல், இரவில் தனிச் செய்தி. “இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்” என்ற வார்த்தை அடுத்து வரும். அந்த வார்த்தைதான் அபாய மணி. ஒரு பயிற்றுநருக்கும் மாணவருக்கும் இடையில் பெற்றோருக்குத் தெரியக்கூடாத எந்தச் செய்தியும் இருக்க வேண்டியதில்லை. பயணம், தங்குமிடம், உடை மாற்றும் அறை, உடலைத் தொட்டுச் செய்யும் சிகிச்சை ஆகிய நான்கு இடங்களிலும் இன்னொரு பெரியவர் அருகில் இருக்க வேண்டும். இது நல்ல பயிற்றுநரைச் சந்தேகிப்பதாகாது. அவருக்கும் இது பாதுகாப்புதான்.

படம் எடுப்பதிலும் கவனம் தேவை. படகோட்ட உடை உடலை ஒட்டியிருக்கும். போட்டிப் படங்களைச் சமூக ஊடகத்தில் போடும்போது பிள்ளையின் முழுப் பெயரையும் பள்ளியையும் தங்கும் இடத்தையும் சேர்த்துப் போடுவது, முகம் தெரியாத ஒருவருக்கு முகவரியைக் கையில் கொடுப்பதற்குச் சமம்.

உயர்கல்விக்கூட மாணவர்களுக்கு ஒரு சொல்

கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் உங்களில் பலர், தன்னார்வலராக இடைநிலைப்பள்ளி முகாம்களுக்குப் போகிறீர்கள். நேற்று வரை நீங்கள் பாதுகாக்கப்பட்ட பிள்ளை. 18 வயதைத் தாண்டிய இன்று நீங்கள் பாதுகாக்க வேண்டியவர். 15 வயது மாணவி உங்களை “அண்ணா” என்றும், மாணவன் “அக்கா” என்றும் அழைக்கும்போது, அந்தச் சொல்லில் நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை உங்களுக்கு ஒரு பொறுப்பையும் தருகிறது. தனிச் செய்தி அனுப்பாமல் குழுவில் பேசுங்கள். கேலி, பட்டப்பெயர், ‘புதியவர்களுக்கான சோதனை’ என்ற பெயரில் நடக்கும் பகடிவதை ஆகியவற்றை முதலில் தடுக்க வேண்டியவர் நீங்கள்தான். ஒரு பிள்ளை உங்களிடம் ஏதேனும் சொன்னால், துருவித் துருவிக் கேட்காதீர்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “நீ சொன்னது நல்லது, உன் மேல் தவறில்லை, உதவக்கூடியவரிடம் சேர்ந்து சொல்வோம்” என்று கூறி, கேட்டதை அப்படியே எழுதி வைத்துத் தகவல் கொடுங்கள்.

போட்டிக்குப் போகும் முன் கேட்க வேண்டியவை

நம் இளைஞர், விளையாட்டு அமைச்சும் விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுக்க ‘சுக்கான் செலாமாட்’ என்னும் பாதுகாப்பான விளையாட்டுக் குறியீட்டை அறிமுகப்படுத்தியிருக்கிறது. ஆனால் தாளில் இருக்கும் விதி தண்ணீருக்கு வர, யாராவது கேள்வி கேட்க வேண்டும். பெற்றோரோ மாணவரோ ஏற்பாட்டாளரிடம் தயங்காமல் இவற்றைக் கேட்கலாம்.

1. வானிலையும் நீரோட்டமும் சரியில்லாவிட்டால் போட்டியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? அவர் பெயர் என்ன?

2. மீட்புப் படகுகள் எத்தனை? பயிற்சி நாளிலும் அவை இருக்குமா?

3. எல்லாருக்கும் அளவு பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?

4. நீரில் இறங்கியவர்களையும் திரும்பியவர்களையும் பெயர் வாரியாக எண்ணுவது யார்?

5. ஆஸ்துமா, வலிப்பு போன்ற உடல்நலக் குறிப்புகள் யாரிடம் இருக்கின்றன? மிக அருகில் உள்ள மருத்துவமனை எது? கைப்பேசி அலைவரிசை இல்லாத இடத்தில் தகவல் கொடுப்பது எப்படி?

6. தங்குமிடத்தில் ஆண், பெண் மாணவர்களுக்குத் தனித்தனி அறைகளும், பொறுப்பாளராக ஆசிரியரும் ஆசிரியையும் உண்டா?

7. ஒரு மாணவர் சங்கடமாக உணர்ந்தால், தன் பயிற்றுநரைத் தவிர வேறு யாரிடம் சொல்லலாம்?

ஏழாவது கேள்விக்கு விடை இல்லாத போட்டி, மற்ற ஆறுக்கும் விடை வைத்திருந்தாலும் இன்னும் தயாராகவில்லை என்றே பொருள். போட்டித் திடலின் நுழைவாயிலில் அந்தப் பொறுப்பாளரின் பெயரும் படமும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தமிழ், மலாய், சீனம் என்று பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் இருந்தால் இன்னும் நல்லது.

உதவி தேவைப்பட்டால் 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம். 019-2615999 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப் வழியாகவும் தகவல் அனுப்பலாம். உடனடி ஆபத்துக்கு 999. காவல் நிலையத்திலும் நேரடியாகப் புகார் செய்யலாம். சிறார், மகளிர் வழக்குகளைக் காவல் துறையின் டி11 பிரிவு விசாரிக்கிறது.

துடுப்புப் படகில் ஓட்டுநர்கள் பின்னோக்கி உட்கார்ந்துதான் படகை ஓட்டுகிறார்கள். போகும் திசை அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் பார்த்து வழி சொல்ல ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் முழு பலத்தோடு துடுப்பை இழுக்கிறார்கள். அந்த ஒருவராக இருக்கும் பொறுப்பு ஏற்பாட்டாளருக்கும் பயிற்றுநருக்கும் பெற்றோருக்கும் உண்டு. அவர்கள் கவனிக்காத நேரத்தில் “நிறுத்துங்கள்” என்று உரக்கச் சொல்லும் உரிமை, படகில் இருக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் உண்டு.